சைற்றோகைன்கள்: காய்ச்சலுக்கும் நடுக்கத்துக்கும் பின்னால் இருக்கும் காவல் குரல்
அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கிறேன். நிர்ப்பீடனப் (நோய் எதிர்ப்புப்) பாடம் நடக்கும் வாரங்களில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையரிடம் ஏதோ சொல்லிவிடுகிறார்கள். பிறகு சந்தையிலும் கோயில் வீதியிலும் என்னை மறித்துக் கேள்விகள் வருகின்றன. காலபோக வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்னும்போது, அவை இன்னும் கூடுகின்றன. அப்படி வந்தவற்றுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. மருந்தை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்குவதே என் வேலை.

சைற்றோகைன் என்றால் என்ன?

உடலின் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறிய புரதங்களே சைற்றோகைன்கள். (தமிழ்நாட்டு நூல்களில் ‘சைட்டோகைன்’ என்று எழுதுவார்கள்.) கலம் என்ற பொருளும் அசைவு என்ற பொருளும் உள்ள இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் வந்தது. 1974இல் ஸ்டான்லி கோகன் என்ற ஆய்வாளர் இந்தப் பெயரை முன்வைத்தார்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் கதிர் முற்றும் காலத்தில் இரவுக் காவலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காட்டோரப் பரணில் இருப்பவர் யானையின் அரவம் கேட்டதும் ‘கூ’ என்று குரல் வைப்பார். அடுத்த பரணில் இருப்பவர் அதைக் கேட்டுத் தானும் குரல் கொடுப்பார். குரல் எட்டியவர்களில் ஒருவர் தீப்பந்தம் எடுப்பார், ஒருவர் வெடி எடுப்பார், ஒருவர் ஊருக்கு ஓடுவார். குரல் யானையைத் தொடுவதில்லை. கேட்டவர்கள்தான் அதை விரட்டுகிறார்கள். சைற்றோகைனும் பெரும்பாலும் கிருமியைத் தொடுவதில்லை. தன்னை ஏற்கும் வாங்கி உள்ள கலத்தில் போய்ப் பொருந்தி, அந்தக் கலத்தின் மரபணுக்களில் சிலவற்றை விழிக்கச் செய்கிறது, சிலவற்றை அடக்குகிறது.

ஓமோனும் செய்திதான். ஆனால் அது ஒரு சுரப்பியில் உண்டாகித் தூரத்துக்குப் போகும். சைற்றோகைனைப் பலவகைக் கலங்கள் உண்டாக்கும். பெரும்பாலும் பக்கத்துக் கலங்களோடு பேசிவிட்டுச் சீக்கிரமாகவே அழிந்துவிடும். அளவோ மிக மிகச் சிறியது. குருதியில் இவற்றைப் பிக்கோகிராம் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிராமை ஒரு இலட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைப்பது ஒரு பிக்கோகிராம். இவ்வளவு சிறிய அளவு ஒரு முழு மனிதரைப் பாயில் கிடத்திவிடுவதை எண்ணும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

முள் குத்திய இடம் ஏன் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது?

வேலி அடைக்கும்போது உள்ளங்காலில் உடைமுள் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளோடு பற்றீரியாக்களும் உள்ளே போகின்றன. தோலுக்கு அடியில் எப்போதும் தங்கியிருக்கும் பெருந்தின்குழியங்கள் என்ற கலங்கள் அவற்றை முதலில் கண்டுகொள்கின்றன. பற்றீரியாவின் சுவரில் இருக்கும் சில பொருள்கள் நம் உடலில் எங்குமே இல்லாதவை. அதுதான் அடையாளம்.

உடனே அந்தக் கலங்கள் மூன்று நான்கு சைற்றோகைன்களைச் சேர்த்து வெளிவிடுகின்றன. கட்டி நசிவுக் காரணியும் (சுருக்கமாக டி.என்.எப்.) இன்ரர்லியூக்கின்-1உம் அருகிலுள்ள சிறு குருதிக் குழாய்களை விரியச் செய்து, அவற்றின் உட்சுவரை ஒட்டும் தன்மை உடையதாக்குகின்றன. குருதி அதிகமாக வருவதால் இடம் சிவக்கிறது, சுடுகிறது. நீர்மம் கசிவதால் வீங்குகிறது. இன்ரர்லியூக்கின்-8 என்பது வழிகாட்டி. குருதியில் ஓடிக்கொண்டிருக்கும் வெண்குருதிக் கலங்கள் அது செறிந்திருக்கும் திசை பார்த்து ஊர்ந்து, குழாய்ச் சுவரின் இடுக்கால் நுழைந்து, முள் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கின்றன. இரண்டாம் நாள் நீங்கள் பார்க்கும் மஞ்சள் சீழில் பெரும்பகுதி அந்தக் கலங்களின் உடல்கள். கிருமியை விழுங்கி அங்கேயே மடிந்தவை.

காய்ச்சல் யார் உண்டாக்குவது? கிருமியா, உடலா?

உடல்தான். கிருமி காரணம் கொடுக்கிறது, சூட்டை ஏற்றுவது நம் உடல். இன்ரர்லியூக்கின்-1, இன்ரர்லியூக்கின்-6, டி.என்.எப். ஆகியவை குருதி வழியே போய் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை எட்டுகின்றன. அங்கே புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, உடல் இருக்கவேண்டிய வெப்பநிலையையே உயர்த்தி வைக்கிறது. மையம் 39 பாகை வேண்டும் என்கிறது, உடலோ 37இல் இருக்கிறது. அதனால்தான் உடம்பு சுடத் தொடங்கும் முன்பே குளிர்கிறது, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன, போர்வை தேடுகிறோம்.

பசி போவதும் வாய் கசப்பதும் உடம்பு அலுப்பதும் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுப்பதும் இதே சைற்றோகைன்கள் மூளையில் செய்கிற வேலைதான். இன்ரர்லியூக்கின்-6 இன்னொன்றும் செய்கிறது. ஈரலில் கெப்சிடின் என்ற ஓமோனைக் கூட்டி, குருதியில் உள்ள இரும்பைக் குறைத்து உள்ளே பூட்டுகிறது. பல பற்றீரியாக்கள் பெருக இரும்பு வேண்டும். காய்ச்சல் நீண்டால் குருதிச்சோகை தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பனடோல் போட்டுக் காய்ச்சலை இறக்குவது பிழையா?

பிழை இல்லை. பனடோலில் உள்ள பரசிற்றமோல் அந்தப் புரொஸ்டகிளாண்டின் உண்டாவதைத்தான் குறைக்கிறது. காவல் கலங்கள் தங்கள் வேலையைத் தொடரும். பிள்ளை தண்ணீர் குடிக்கவும் தூங்கவும் முடியாமல் துடித்தால் எடைக்கு ஏற்ற அளவு கொடுங்கள், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். சூடு இறங்கவில்லை என்று பதறிக் குளிசையைக் கூட்டுவதுதான் ஆபத்து, ஈரல் பழுதாகும். டெங்குவோ என்ற சந்தேகம் இருக்கும் எந்தக் காய்ச்சலிலும் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் ஆகியவற்றைத் தொடவே கூடாது. குருதிக் கசிவைக் கூட்டிவிடும்.

அந்தக் காலத்து மலேரியா ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் மணி பார்த்து வந்தது?

வன்னியில் ஐம்பது வயதைக் கடந்த எவரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மருந்துகள் தட்டுப்பாடாக இருந்த 1990களில் மலேரியா இங்கே வீடுதோறும் படுத்திருந்தது. முத்தையன்கட்டில் ஓர் அம்மம்மா எனக்குச் சொன்னார்: “தம்பி, மதியம் தாண்டி வெயில் கொளுத்தும்போது குளிர் வரும். கட்டில் கால் நிலத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும். இருக்கிற சாக்கு எல்லாவற்றையும் போட்டு, மேலே பிள்ளைகளையும் ஏறி இருக்கச் சொல்வேன். இரண்டு மணித்தியாலத்தால் வியர்த்துக் கொட்டும். அடுத்த நாள் எழும்பி வேலைக்குப் போவேன். அதற்கு அடுத்த நாள் அதே நேரம் திரும்பவும் வரும்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. மலேரியாவுக்குக் காரணமான ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்துக்குள் இருந்து பெருகுகிறது. இங்கே அதிகமாக இருந்த விவாக்ஸ் வகை, 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கலங்களை உடைத்துக்கொண்டு வெளியேறும். அப்போது ஒட்டுண்ணியின் கழிவுகளும் குருதியில் கலக்கின்றன. அவற்றைக் கண்ட பெருந்தின்குழியங்கள் டி.என்.எப்.ஐ ஒரே மூச்சில் கொட்டுகின்றன. அந்த அலைதான் அம்மம்மாவின் கட்டிலை ஆட்டியது. ஒட்டுண்ணிகள் அடுத்த கலங்களுக்குள் ஒளிந்ததும் குரல் அடங்குகிறது, காய்ச்சலும் விடுகிறது. அந்தச் சூடு வீணும் அல்ல. முதிர்ந்த நிலை ஒட்டுண்ணிகளின் வளர்ச்சியை அது தடுக்கிறது.

உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என அறிவித்தது. நுளம்பு இன்னும் இருக்கிறது. ஆகவே வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பயணத்தைப் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வைரசு கலத்துக்குள்ளேயே போய்விடுகிறதே, அதை எப்படிப் பிடிப்பது?

இதற்கான சைற்றோகைன்தான் இன்ரர்பெரோன். 1957இல் இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லின்டன்மன் என்ற இருவர் கோழி முட்டைச் சவ்வுத் துண்டுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசை அவற்றின்மேல் விட்டார்கள். பிறகு அந்தச் சவ்வு கிடந்த நீர்மத்தை எடுத்துப் புதிய சவ்வில் இட்டபோது, உயிருள்ள வைரசால் அந்தப் புதிய சவ்வில் பெருக முடியவில்லை. சவ்வின் கலங்கள் ஏதோ ஒன்றை நீர்மத்தில் விட்டிருக்கின்றன என்று கண்டு, வைரசின் வேலையில் குறுக்கிடுவது என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

வைரசு புகுந்த கலம் பெரும்பாலும் தான் பிழைப்பதில்லை. ஆனால் சாகும் முன் இன்ரர்பெரோனை வெளிவிட்டு அயலை எச்சரித்துவிடுகிறது. அதைப் பெற்ற கலத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. வைரசின் ஆர்.என்.ஏ.யை வெட்டும் நொதியம் தயாராகிறது. புரதம் உண்டாக்கும் வேலையே மந்தமாகிறது. கலம் தன் அடுப்பை அணைத்துவிட்டால் திருடனும் சமைக்க முடியாது.

இந்தக் குரல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் கொவிட் காட்டியது. உயிராபத்தான நிமோனியா வந்த 987 பேரை 2020இல் சோதித்தபோது, குறைந்தது 101 பேரின் குருதியில் அவர்களுடைய சொந்த இன்ரர்பெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் (வழக்கமாகக் கிருமியைப் பிடித்து முடக்கும் புரதங்கள்) இருந்தன.

எலிக்காய்ச்சலுக்கு ஊசி போட்டபின் நடுக்கம் கூடியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

வயற்காலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. எலியும் மாடும் சிறுநீர் கழித்த தண்ணீரில் இருக்கும் லெப்ரொஸ்பைரா என்ற பற்றீரியா, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போகிறது. பென்சிலின் போன்ற மருந்தின் முதல் மருந்தளவு கிடைத்ததும் கிருமிகள் கூட்டமாகச் செத்து உடைகின்றன. அவற்றின் துண்டுகளைக் கண்டு டி.என்.எப்., இன்ரர்லியூக்கின்-6, இன்ரர்லியூக்கின்-8 எல்லாம் சில மணித்தியாலத்துக்குள் ஏறுகின்றன. அதனால் நடுக்கமும் காய்ச்சலும் கூடலாம், குருதி அமுக்கமும் குறையலாம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அது. ஆனால் உண்மையான மருந்து ஒவ்வாமையும் முதல் ஊசியிலேயே வரலாம். இது எது என்று பிரித்தறிவது வாட்டில் இருப்பவர்களின் வேலை. உடனே தாதியிடம் சொல்லுங்கள். பயந்து மருந்தை இடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

வயலுக்கு இறங்கும் முன் தடுப்பாகக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் கேட்காமல் எடுக்கக் கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நொந்தால், கண் சிவந்தால், சிறுநீர் குறைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘நான் வயலில் நின்றேன்’ என்ற ஒரு வசனத்தைச் சொல்ல மறக்காதீர்கள். வைத்தியருக்கு அது பாதி விடை.

டெங்குவில் காய்ச்சல் விட்டபிறகுதான் ஆபத்து என்கிறார்களே?

உண்மை. இதைத் தெரியாமல் ‘சூடு இறங்கிவிட்டது, பிள்ளை தேறிவிட்டது’ என்று நினைத்து இழந்த வீடுகள் இருக்கின்றன.

டெங்கு வைரசு காவல் கலங்களுக்குள்ளேயே பெருகுகிறது. மூன்று நான்கு நாளில் வைரசு குறையத் தொடங்கும், காய்ச்சலும் இறங்கும். ஆனால் அதற்குள் டி.என்.எப். முதலிய சைற்றோகைன்கள் குவிந்துவிடுகின்றன. அவையும் வைரசே வெளிவிடும் ஒரு புரதமும் சேர்ந்து குருதிக் குழாய்களின் உட்சுவரைத் தளர்த்துகின்றன. முள் குத்திய இடத்தில் வீக்கமாகக் கண்டோமே, அதே கசிவு இப்போது உடல் முழுவதும் நடக்கிறது. குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வடிகிறது. குழாய்க்குள் இருக்கும் குருதி தடித்து, அமுக்கம் விழுகிறது. இந்தக் கசிவு ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அந்த நேரத்தில் நீர் கொடுப்பதை மணிக்கு மணி அளந்து செய்ய வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நுரையீரலில் தேங்கும். அது வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போன உடலில் வேறு வகை வந்தால், முன்பு உண்டான பிறபொருளெதிரி அதைச் சரியாக முடக்காமல், அது காவல் கலங்களுக்குள் புக வாசல் திறந்துவிடலாம். இரண்டாவது முறை கடுமையாவது அதனால்தான். 2017இல் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. ஆகவே ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். காய்ச்சலின் மூன்றாம் நாளில் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சிறுநீர் போகாமை, சோர்ந்து கிடத்தல் இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளூரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்பதை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன்.

‘சைற்றோகைன் புயல்’ என்று கொவிட் காலத்தில் கேட்டோம். அது வேறா?

வேறு அல்ல, இதே குரல்கள்தான். யானை போனபிறகும் வெடி போட்டுக்கொண்டே இருந்தால் வைக்கோற்போர் பற்றிக்கொள்ளும். கடும் கொவிட்டில் நுரையீரலுக்கு நடந்தது அதுதான். 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரிக்கவரி என்ற பெரும் ஆய்வு, இந்தக் குரல்களை அடக்கும் டெக்சாமெதசோன் என்ற மலிவான ஸ்ரீரொயிட் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று காட்டியது. பின்னர் இன்ரர்லியூக்கின்-6இன் வாங்கியை அடைக்கும் ரொசிலிசுமாப் என்ற மருந்தும் பயன்பட்டது.

அதே ஆய்வில், ஒட்சிசன் தேவைப்படாத நோயாளிகளுக்கு டெக்சாமெதசோனால் பயன் எதுவும் கிடைக்கவில்லை. கிருமி இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போது காவலரின் வாயைப் பொத்தினால் யாருக்கு லாபம்? இங்கே சிலர் எந்தக் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு ஸ்ரீரொயிட் குளிசை வாங்கிப் போடுகிறார்கள். சட்டென்று சுகம் தெரியும், உள்ளே காவல் இல்லாமல் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். வேறு நோய்க்காக வைத்தியர் சொல்லி நீண்டகாலம் எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

காசநோய்க் கிருமி பல ஆண்டு பதுங்கியிருக்கும் என்கிறார்கள். அதை யார் அடைத்து வைத்திருப்பது?

இந்தக் கிருமி தன்னை விழுங்கிய பெருந்தின்குழியத்துக்குள்ளேயே வாழக் கற்றுக்கொண்டது. டி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள், இன்ரர்பெரோனில் இன்னொரு வகையான காமா இன்ரர்பெரோனை அனுப்பும்போதுதான் அந்தத் தின்குழியம் விழுங்கியதைக் கொல்லும் வலுவைப் பெறுகிறது. கொல்ல முடியாததைச் சுற்றிக் கலங்கள் மதில் கட்டுகின்றன. அந்த மதில் இடியாமல் காப்பது டி.என்.எப். வாதநோய்க்காக டி.என்.எப்.ஐத் தடுக்கும் மருந்து தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை செய்வது இதனால்தான். அந்த மருந்தால் மதில் இடிந்து பழைய நோய் வெளிப்பட்டிருக்கிறது. காசநோயாளி உருகிப் போவதிலும் டி.என்.எப்.க்குப் பங்கு உண்டு. உடலை மெலியச் செய்வது என்ற பொருளில் ‘கக்கெக்ரின்’ என்று இன்னொரு பெயரே அதற்கு இருந்தது.

வவுனியாப் பக்கத்திலும் காணப்படும், மணல் ஈ கடித்து வருகிற நோகாத, ஆறாத தோற்புண்ணும் இதற்கு உறவு. லீஷ்மேனியா ஒட்டுண்ணியும் தின்குழியத்துக்குள் ஒளிவதுதான், அதற்கும் காமா இன்ரர்பெரோன்தான் பதில். மாதக்கணக்கில் ஆறாத புண்ணைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

குடற்புழுவுக்கும் இவைதானா?

வேறு குழு. இன்ரர்லியூக்கின்-4, 5, 13 ஆகியவை குடலில் சளியைக் கூட்டி, அசைவைக் கூட்டி, புழுவை வெளியே தள்ளப் பார்க்கின்றன. இதே குழு தேவையில்லாமல் கிளம்பினால் ஆஸ்துமா.

தடுப்பூசி போட்ட அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?

அதே குரல் ஒத்திகை பார்க்கிறது. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். நீடித்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கொத்தமல்லித் தண்ணீரும் வேர்க்கொம்பும் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

குடியுங்கள், நானும் குடிக்கிறேன். காய்ச்சலில் உடம்புக்கு நீர் வேண்டும், சூடான கொத்தமல்லி தொண்டைக்கு இதம். ஆனால் சைற்றோகைனைக் ‘கூட்டித் தருவோம்’ என்று விற்கப்படும் மாவுக்கும் சிரப்புக்கும் காசு கொடுக்காதீர்கள். இவ்வளவு நேரம் வாசித்தவர்களுக்குத் தெரியும், கூடுவது ஒன்றும் வரம் அல்ல. உரிய நேரத்தில் எழுந்து உரிய நேரத்தில் அடங்க வேண்டும். அடக்குவதற்கென்றே இன்ரர்லியூக்கின்-10 போன்றவை இருக்கின்றன. முட்டை, மீன், பயறு, தூக்கம், நீரிழிவு இருந்தால் சீனிக் கட்டுப்பாடு இவைதான் காவலரைக் காவலராக வைத்திருப்பவை.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வருத்தம் முற்றுமா?

முற்றும். வயது போகப் போக இந்தக் குரல் மங்கலாம். என் தந்தையாருக்கு நிமோனியா வந்தபோது உடம்பு சுடவில்லை. காலையில் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைத்தேன் என்று என்னிடம் கேட்டார். அது ஒன்றுதான் மாற்றம். நல்லவேளை, அம்மா, “இது அவருடைய கதை இல்லை, கூட்டிக்கொண்டு போ” என்றார். முதியவர் திடீரென்று தடுமாறினால், சாப்பாட்டை ஒதுக்கினால், மூச்சு வேகமானால், தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

சைற்றோகைனை இங்கே சோதித்துப் பார்க்கலாமா?

வழக்கமான ஆஸ்பத்திரியில் தேவைப்படுவதில்லை. அதன் நிழலைச் சோதிக்கிறார்கள். இன்ரர்லியூக்கின்-6 ஈரலை எட்டியதும் ஈரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை உண்டாக்கும். உங்கள் பரிசோதனைத் தாளில் அந்த மூன்றெழுத்து இருக்கும். எண் கூடியிருந்தால் எங்கோ அழற்சி நடக்கிறது என்று பொருள். என்ன கிருமி என்று அது சொல்லாது. தாளை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். இரண்டாம் தாளோடு ஒப்பிட்டால்தான் எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்று வைத்தியரால் பார்க்க முடியும்.